நவாப் வீட்டு உருளைக்கிழங்கு

"ஏன்டா, இது பிரியாணியா, பூரிக்கிழங்கா?"

கேட்டது அப்பா. இடம் கொல்கத்தா, பார்க் சர்க்கஸ் பக்கம் ஒரு பழைய உணவகம். தட்டில் வெள்ளையும் மஞ்சளுமாய் நீளநீளமான சோறு. நடுவில் ஒரு பெரிய மட்டன் துண்டு. பக்கத்தில் ஒரு அவித்த முட்டை. அதற்கும் பக்கத்தில், முட்டையை விடப் பெரிதாக, தோல் உரித்த ஒரு முழு உருளைக்கிழங்கு. சால்னா கிடையாது. தயிர் வெங்காயம் கிடையாது. கேட்டால் வெள்ளரிக்காயும் வெங்காயமும் வெட்டிக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

நாங்கள் திண்டுக்கல்காரர்கள். சீரக சம்பா அரிசி, பொடிப்பொடியாய் எலும்போடு கறி, மிளகு தூக்கலாய் ஒரு காரம். மற்ற ஊர் பிரியாணி எல்லாமே குஸ்காதான் என்று சொல்லி வளர்ந்த கூட்டம். நொய்டாவுக்கு வந்து 11 வருஷம் ஆகியும் இந்தத் திமிர் மட்டும் குறையவில்லை. எனவே நானும் சப்ளையரைக் கூப்பிட்டு, என் அரைகுறை இந்தியில், "இந்த ஆலுவை எடுத்துட்டு இன்னொரு பீஸ் கறி வைங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கோயில் பிரசாதத்தில் முந்திரி கம்மி என்று சொன்னவனைப் பார்க்கிற மாதிரி. "இங்கே எல்லாரும் காசு கொடுத்து இன்னொரு ஆலு கேட்பாங்க சார், வேண்டாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார். திரும்பிப் பார்த்தால் பக்கத்து மேஜையில் அதேதான் நடந்துகொண்டிருந்தது. ஒரு பிளேட் பிரியாணி, தனியாக ஒரு உருளைக்கிழங்கு.

இந்தப் பதிவு அந்த உருளைக்கிழங்கைப் பற்றித்தான்.

*

எனக்கு ஆபீஸ் வேலையாக நான்கு நாள் கொல்கத்தா. மகளுக்குப் பரீட்சை, அதனால் தங்கமணி வரமுடியாது. அம்மா போன பிறகு மூன்று வருஷமாக எங்களோடு நொய்டாவில் இருக்கிற அப்பா, "நானும் வரேன்டா. பிளாசி யுத்தம், பிளாசி யுத்தம்னு 34 வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். கல்கத்தாவை ஒரு தடவை கூட கண்ணால பாத்ததில்லை" என்றார். ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். ராஜதானியில் இரண்டு டிக்கெட் போட்டேன்.

முதல் நாள் எங்களைச் சாப்பிடக் கூட்டிப்போனவர் ஆபீஸ் நண்பர், வங்காளி. எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்த ஊரில் எல்லாரும் சொல்கிற கதையைச் சொன்னார். லக்னோவின் கடைசி நவாப் வாஜித் அலி ஷாவை வெள்ளைக்காரர்கள் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர் பெரிய பரிவாரத்தோடு கல்கத்தா வந்து சேர்ந்தார். கையில் காசில்லை. அத்தனை பேருக்கும் கறி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. சமையல்காரர்கள் பாதிக் கறிக்குப் பதிலாக உருளைக்கிழங்கைப் போட்டு ஒப்பேற்றினார்கள். அதுவே பழகிப்போச்சு.

நான் உச்சுக்கொட்டினேன். பாவம், ராஜாவாக இருந்த மனுஷன்.

அப்பா உச்சுக்கொட்டவில்லை. கையில் சோற்றை வைத்துக்கொண்டே, "டேய், அந்தாளுக்கு கம்பெனிக்காரன் குடுத்த பென்ஷன் எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 12 லட்சம். மாசம் ஒரு லட்ச ரூபா. அந்தக் காலத்து லட்சம்! அவருக்கு ஆட்டுக்கறி வாங்கக் காசில்லையாம்" என்றார்.

பென்ஷன் விஷயத்தில் அப்பா ரொம்ப உஷார். "நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று காட்ட வருஷா வருஷம் நேர்காணலுக்கு அலைந்த அனுபவம். மாதம் லட்ச ரூபாய் பென்ஷன் வாங்குகிறவருக்கு வறுமை என்றால் அவர் எப்படி நம்புவார்?

நண்பருக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "நாளன்னைக்கு உங்களுக்கு மத்தியானம் வேலை இல்லையே, மெட்டியாப்ரூஸுக்கே போயிட்டு வந்திடுங்க" என்றார்.

*

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

அவத் என்கிற அயோத்தி ராஜ்யத்தின் கடைசி அரசர் வாஜித் அலி ஷா. நாம் நவாப் என்று சொன்னாலும், 1819-லிருந்தே அந்த வம்சத்தார் அரசர் என்கிற பட்டம் சூடிக்கொண்டவர்கள். இவர் 1847-ல் பட்டத்துக்கு வந்தார். பாட்டு எழுதுவார், நாடகம் போடுவார், கதக் நடனத்துக்குப் பெரிய ஆதரவு கொடுத்தார். சத்யஜித் ரேயின் 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' (1977) பார்த்தவர்களுக்குத் தெரியும், இவராக நடித்தது நம்ம கப்பர் சிங் அம்ஜத் கான்.

1856 பிப்ரவரியில் டல்ஹௌசி பிரபு அவத்தை எடுத்துக்கொண்டார். இங்கே அப்பாவின் வாத்தியார் குறிப்பு ஒன்று. "வாரிசு இழப்புக் கொள்கைன்னு பாதிப் பசங்க பரீட்சைல தப்பா எழுதுவானுங்க. இவருக்கு வாரிசுக்கு என்ன குறைச்சல்? நிர்வாகம் சரியில்லைன்னு சாக்கு சொல்லி எடுத்தது." வாரிசு இல்லை என்று சொல்லிக் கதையை முடித்தது அதற்கு முந்தின வருஷம், 1855-ல், நம் பக்கத்தில். தஞ்சாவூர் மராட்டிய அரசர் பட்டமும் ஆற்காடு நவாப் பட்டமும் அந்த ஒரே வருஷத்தில் போயின.

கையெழுத்துப் போடச் சொல்லி ஒப்பந்தத்தை நீட்டிய ரெசிடென்ட் அவுட்ராமிடம், வாஜித் அலி ஷா கையெழுத்துப் போட மறுத்து, தன் தலைப்பாகையைக் கழற்றி அவர் கையில் வைத்தார். சண்டை போடவில்லை. லண்டன் போய் விக்டோரியா மகாராணியிடமே நேரில் முறையிடுவது என்று முடிவு செய்தார். 1856 மார்ச்சில் லக்னோவிலிருந்து கிளம்பினார். கான்பூர், அலகாபாத், காசி, அங்கிருந்து கங்கையில் நீராவிப் படகு. மே மாதம் கல்கத்தா. நாங்கள் ராஜதானியில் வந்ததும் ஏறக்குறைய அதே தடம்தான். கான்பூரும் அலகாபாத்தும் தூக்கத்தில் போய்விட்டன. எங்களுக்கு 17 மணி நேரம், அவருக்கு இரண்டு மாதம்.

கல்கத்தா அவருக்கு வழியில் தங்குகிற ஊர், அவ்வளவுதான். வந்த இடத்தில் உடம்பு சரியில்லாமல் போனது. அவருக்குப் பதிலாக அவருடைய தாயார் மலிகா கிஷ்வர், ஒரு மகன், ஒரு தம்பி எல்லாரும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார்கள். அரண்மனையை விட்டு வெளியே வராத அம்மாள், பிள்ளைக்காகக் கடல் தாண்டிப் போய் மனுக் கொடுத்தார். அந்த மனுவுக்குப் பதில் கிடைப்பதற்குள் 1857 கலகம் வெடித்துவிட்டது. இனி யார் கேட்பார்கள்? ஊருக்குத் திரும்புகிற வழியில், 1858 ஜனவரியில், அந்த அம்மாள் பாரிஸில் இறந்துபோனார். அங்கேயே பெர் லஷேஸ் கல்லறையில் புதைத்தார்கள். தம்பி லண்டனில் இறந்தார். லக்னோவிலேயே தங்கிவிட்ட மனைவி ஹஸ்ரத் மஹல் கலகத்துக்குத் தலைமை தாங்கி, தோற்று, நேபாளம் போய், 1879-ல் காட்மாண்டுவில் இறந்தார். ஒரே வீட்டு ஆட்கள், மூன்று தேசத்தில் சமாதி.

வாஜித் அலி ஷா? கலகத்தில் அவருக்கும் பங்கிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு வில்லியம் கோட்டையில் பிடித்து வைத்தார்கள். இரண்டு வருஷம். 1859-ல் வெளியே வந்தபோது திரும்பிப் போக ராஜ்யமும் இல்லை, மனுவும் இல்லை. அதுவரை வேண்டாம் என்று மறுத்து வந்த பென்ஷனை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார். ஹூக்ளி ஆற்றங்கரையில் மெட்டியாப்ரூஸில் குடியேறினார். பெயருக்கு மண் கோபுரம் என்று அர்த்தம்.

*

மெட்டியாப்ரூஸ் இன்று கார்டன் ரீச் பக்கம், ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பேர்போன இடம். சந்து முழுக்கத் தையல் மெஷின் சத்தம், துணி மூட்டை ஏற்றிய வண்டிகள். நவாபோடு வந்த தையற்காரர்களிலிருந்து இந்தத் தொழில் தழைத்தது என்று அங்கே சொல்கிறார்கள். பக்கத்திலேயே தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம். ஒரு காலத்தில் இந்த ஆற்றங்கரை நெடுக அரசரின் மாளிகைகள் இருந்தன. இன்று இருக்கிறதா என்றால், தேடிப்பிடிக்க வேண்டும்.

அவர் அடக்கமாகியிருக்கும் சிப்தைனாபாத் இமாம்பாடா இருக்கிறது. அவரே கட்டியது. வாசலில் அவத் அரசு முத்திரை. இரட்டை மீன். அப்பா அங்கேயே நின்றுவிட்டார். "இதென்னடா, நம்ம பாண்டியன் கொடி!" சம்பந்தம் ஒன்றும் கிடையாது, அவருக்கும் தெரியும். ஆனாலும் மதுரைப் பக்கத்து மனுஷனுக்குக் கல்கத்தா சந்தில் இரட்டை மீனைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். சரவிளக்குகள், கண்ணாடி விளக்குகள், அமைதியாக ஒரு கூடம். ஒரு ஓரத்தில் சமாதி. 1887 செப்டம்பரில் இறந்தார். வழியில் தங்குவதற்காக வந்த ஊரில் 31 வருஷம்.

அந்த 31 வருஷத்தில் அவர் செய்தது ஒரே வேலை. லக்னோவை இங்கே கொண்டுவந்தார். இமாம்பாடா, மாளிகைகள், தோட்டங்கள், பாட்டுக்காரர்கள், கதக் ஆட்டக்காரர்கள், பட்டம் விடுகிறவர்கள், புறா வளர்க்கிறவர்கள், சமையல்காரர்கள். அந்த ஊரில் சிறுவனாக வளர்ந்து, பின்னாளில் உருது எழுத்தாளராகப் பெயர் வாங்கிய அப்துல் ஹலீம் ஷரர் பழைய லக்னோ பற்றிய தன் புத்தகத்தில் இதையெல்லாம் ஆசை ஆசையாக எழுதியிருக்கிறார். மிருகக்காட்சி சாலையே இருந்தது. ஒட்டகச்சிவிங்கி, இரண்டு திமில் ஒட்டகம், பாம்புகளுக்கென்றே கட்டிய ஒரு செயற்கை மலை. பட்டு இறகுப் புறா ஒரு ஜோடி 24,000 ரூபாய்க்கு வாங்கினார் என்கிறார் ஷரர்.

இமாம்பாடா திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன்.

"பாத்தியா! மாசப் பென்ஷன்ல கால்வாசியை ரெண்டு புறாவுக்குக் குடுத்தவன், பிரியாணில கறியைக் குறைச்சானாம்."

பணமுடை அவருக்கு இல்லாமல் இல்லை. செலவு வரவைத் தாண்டி, கடனும் இருந்தது. ஆனால் கடன்பட்ட ராஜா முதலில் கை வைப்பது சாப்பாட்டுத் தட்டிலா? தட்டுதான் அவர் இன்னும் ராஜா என்பதற்கு மிச்சமிருந்த அத்தாட்சி. அவருடைய வழித்தோன்றல்களும் இந்த வறுமைக் கதையை ஏற்பதில்லை. உருளைக்கிழங்கு அன்று புதுசு, அந்தப் புதுமைக்காகவே அரண்மனைச் சமையலில் சேர்த்தார்கள் என்பது அவர்கள் பக்கத்துக் கதை.

இன்னொரு வேடிக்கை. இதே வம்சத்தில் 1775-ல் லக்னோவைத் தலைநகராக்கியவர் ஆசஃப் உத் தௌலா. 1784 பஞ்சத்தில் ஜனங்களுக்கு வேலை கொடுப்பதற்காகப் பெரிய இமாம்பாடாவைக் கட்டினார் என்பார்கள். அந்த வேலையாட்களுக்காகப் பெரிய அண்டாக்களில் மாவு பூசி மூடி, ராத்திரி முழுக்கத் தணலில் வைத்த சோறுதான் லக்னோவின் தம் சமையலுக்கு ஆரம்பம் என்று ஒரு கதை. ஆக, அரச சமையல் என்றாலே தொடக்கத்துக்கும் ஒரு பஞ்சக் கதை, முடிவுக்கும் ஒரு பஞ்சக் கதை. ராஜா சாப்பாட்டை நாம் சாப்பிடும்போது, அவரும் ஒரு நாள் கஷ்டப்பட்டார் என்று கேட்டால் நமக்கு இன்னும் கொஞ்சம் ருசிக்கிறது போல.

*

இப்போது உருளைக்கிழங்குக்கு வருவோம்.

இது தென்னமெரிக்காக்காரன். போர்ச்சுகீசியர் மூலம் இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தது. மும்பையில் இன்றும் 'பட்டாட்டா' என்பது அவர்கள் வார்த்தைதான். நம் ஊரில் ஜான் சல்லிவன் 1820-களில் நீலகிரியில் பயிரிட வைத்த வெள்ளைக்காரக் காய்களில் இதுவும் ஒன்று. இன்றைக்கும் சில வீடுகளில் திவசத்தன்று முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு எதையும் சேர்க்கமாட்டார்கள். "இங்கிலீஷ் காய்" என்று தள்ளிவைத்து விடுவார்கள். முன்னோர்கள் சாப்பிடாததை அவர்களுக்கு எப்படிப் படைப்பது?

வாஜித் அலி ஷா வந்து இறங்கிய காலத்தில் கல்கத்தாவில் உருளைக்கிழங்கு துரைகளின் மேஜையிலிருந்து வங்காளிகளின் அடுப்படிக்கு நகர்ந்துகொண்டிருந்தது. இன்று மேற்கு வங்காளம் உருளைக்கிழங்கு விளைச்சலில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்தபடி நிற்கிறது. ஹூக்ளி மாவட்டம் முழுக்க உருளைக்கிழங்கு வயலும் குளிர்பதனக் கிடங்கும்தான். மீன் குழம்பிலும் உருளை, கறிக் குழம்பிலும் உருளை. பிரியாணி மட்டும் தப்பிக்குமா?

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஷரர் எழுதுவதைப் பார்த்தால் லக்னோ பெரியமனிதர்களுக்குப் பிரியாணியை விடப் புலாவ்தான் உசத்தி. பிரியாணி டெல்லிக்காரர்கள் ருசி. ஆக, கொல்கத்தா பிரியாணியை 'அசல் லக்னோ பிரியாணியில் உருளைக்கிழங்கு விழுந்தது' என்று சொல்வதே கொஞ்சம் இடறுகிறது. லக்னோ கைப்பக்குவத்தில், கல்கத்தா சந்தையில் கிடைத்ததை வைத்து, இங்கேயே உருவான ஒரு பண்டம் இது. இன்னொன்று: லக்னோவிலிருந்து வந்தவர் 1905-ல் சித்பூர் பக்கம் தொடங்கிய ராயல் உணவகத்தில் நெடுங்காலம் உருளைக்கிழங்கு இல்லாமல்தான் பிரியாணி பரிமாறினார்கள். கடைக்குக் கடை வழக்கம் வேறாக இருந்திருக்கிறது.

என் கணக்கு இப்படி. 1887-ல் அரசர் இறந்ததும் வெள்ளைக்கார அரசாங்கம் அந்தக் குட்டி லக்னோவைக் கலைத்தது. மிருகங்களும் சொத்துகளும் ஏலத்துக்குப் போயின. மாளிகைகள் இடிந்தன. அங்கே சம்பளம் வாங்கிய அத்தனை பேரும் ஒரே நாளில் பிழைப்புத் தேட வேண்டிய நிலை. சமையல்காரனுக்கு என்ன தெரியும்? சமைக்கத் தெரியும். அரண்மனையில் ஒருவருக்குச் சமைத்தவர்கள் நகரத்துக்கு வந்து காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்குச் சமைத்திருப்பார்கள். கறி விலையைப் பார்த்திருந்தால் அப்போது பார்த்திருப்பார்கள். அதாவது, உருளைக்கிழங்கில் வறுமை இருந்தது என்றால் அது அரசருடையதாக இருக்காது. வேலை போன சமையல்காரனுடையதாக இருக்கும். அவன் பெயர் எந்தக் கதையிலும் இல்லை. நாமும் ராஜாவுக்காகத்தான் உச்சுக்கொட்டுகிறோம்.

ருசியும் ஒரு காரணம் என்பதைத் தின்றவன் என்கிற முறையில் சொல்கிறேன். அந்த உருளைக்கிழங்கை வறுத்து, கறி வெந்த சாற்றோடு சேர்த்து தம்மில் போடுகிறார்கள். நெய், கறிச்சாறு, மசாலா எல்லாவற்றையும் அது உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. முதல் நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, கடைசியில் வீணாக்கக் கூடாதே என்று விண்டு வாயில் போட்டேன். அதுக்கப்புறம் பேச்சே இல்லை. :-)

*

திரும்பி வரும்போது டாக்ஸி தர்மதலா வழியாக வந்தது. அங்கே திப்பு சுல்தான் மசூதியைப் பார்த்ததும் அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். இது நமக்கு நெருக்கமான கதை. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சி. அதற்கப்புறம் இவர்களைத் தெற்கே வைத்திருப்பது ஆபத்து என்று கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். டோலிகஞ்ச் பக்கம் குடிவைத்தார்கள். கடைசிப் பிள்ளை குலாம் முகமது 1842-ல் கட்டியது இந்த மசூதி. வாஜித் அலி ஷா வந்தபோது, ஊரை இழந்த இன்னொரு ராஜ குடும்பம் ஐம்பது வருஷமாக இங்கே குடியிருந்தது.

"வேலூர்ல இருந்து கிளம்பறப்ப என்ன நெனச்சிருப்பானுங்க? கொஞ்ச நாள்ல திரும்பிடலாம்னுதான்" என்றார் அப்பா. அப்புறம் ஹோட்டல் வரும்வரை பேசவில்லை.

எனக்கு ஏன் என்று தெரியும். திண்டுக்கல் வீடு மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்குக் கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அப்பா விடமாட்டேன் என்கிறார். "நான் எப்ப வேணா போவேன். போனா எங்க தங்கறது?" மாதம் ஒருமுறை பக்கத்து வீட்டு அத்தை திறந்து பெருக்கிவிட்டுப் போட்டோ அனுப்புவார். போன மழைக்குச் சமையல்கட்டு ஓரம் ஒழுகி, சுவர் ஊறிப்போயிருந்தது. நான் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் சண்டையில் முடியும். நானும் 11 வருஷம் முன்னால் தங்கமணியிடம், "ரெண்டே வருஷம், அப்புறம் சென்னைக்கு மாத்தல் வாங்கிடலாம்" என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன். மகள் இந்தியில் கனவு காண்கிறாள்.

சாம்பார் விஷயமும் உண்டு. எங்கள் பக்கத்துச் சந்தையில் சின்ன வெங்காயம் எப்போதாவதுதான் வரும். முருங்கைக்காய் வந்தால் யானை விலை, அதுவும் முற்றினது. தங்கமணி உருளைக்கிழங்கும் பறங்கிக்காயும் போட்டு சாம்பார் வைப்பாள். அப்பா சாப்பிடுவார். ஆனால் தினமும் ஒரு வார்த்தை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா சாம்பார் இல்லை." மகளுக்கோ அதுதான் சாம்பார். ஒரு லீவுக்குத் திண்டுக்கல் போனபோது, என் அத்தை வைத்த சின்ன வெங்காய சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, "இதுல ஆலு எங்கே?" என்று கேட்டாள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

மெட்டியாப்ரூஸில் பிறந்த பிள்ளைகளும் இப்படித்தான் இருந்திருக்கும். அப்பன் லக்னோ லக்னோ என்று புலம்ப, அவர்களுக்கு உருளைக்கிழங்கோடு இருப்பதுதான் ஊர்ச் சாப்பாடு. வாஜித் அலி ஷா பெயரில் வழங்குகிற 'பாபுல் மோரா' என்கிற டும்ரியை சைகல் குரலில் (1938, ஸ்ட்ரீட் சிங்கர் படம்) கேட்டிருப்பீர்கள். பிறந்த வீட்டை விட்டுப் போகிற பெண்ணின் புலம்பல். அதை அவர் லக்னோவை விட்டுப் பிரிந்த துயரமாகத்தான் ஊரே கேட்கிறது. புலம்பியது நிஜம். ஆனால் புலம்பிக்கொண்டே அவர் வீடு கட்டினார், தோட்டம் போட்டார், புறா வளர்த்தார். பூட்டி வைத்த வீட்டை நினைத்துக்கொண்டு 31 வருஷம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை.

*

கிளம்புகிற அன்று மத்தியானம், ரயிலுக்கு முன்னால் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டேன். தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்கிற இடம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். அப்பா, "அன்னிக்குப் போன கடைக்கே போலாம்" என்றார்.

அதே சப்ளையர். எங்களை மறக்கவில்லை, ஒரு குறும்புச் சிரிப்பு. மூடியைத் திறந்ததும் அந்த வாசனை. முதல் நாளே மூக்கில் பட்டது, என்னவென்று பிடிபடவில்லை. அப்பாதான் கண்டுபிடித்தார்.

"டேய், தாழம்பூடா இது."

ஆமாம். கேவ்ரா என்று இவர்கள் ஊற்றுவது தாழம்பூ வடித்த நீர்தான். நாம் சடையில் வைத்துப் பின்னுவோம், இவர்கள் சோற்றில் தெளிக்கிறார்கள். அம்மா பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் ஒரு காய்ந்த தாழம்பூ மடல் எப்போதும் இருக்கும். அந்தப் பீரோ இன்னமும் திண்டுக்கல் வீட்டில்தான் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பா உருளைக்கிழங்கை இரண்டாக விண்டு, முதலில் அதைச் சாப்பிட்டார்.

ரயிலில் விளக்கணைக்கிற நேரம், கீழ் பெர்த்திலிருந்து குரல் வந்தது.

"வீட்டைக் கேட்டானே, அந்த பேங்க்காரப் பையன், இன்னும் பாத்துக்கிட்டு இருக்கானா?"

"கேட்டுப் பாக்கறேன்பா."

"வாடகைக்குத்தான். விக்கிற பேச்செல்லாம் கிடையாது. அம்மா பீரோவை மட்டும் இங்க கொண்டாந்துடு."

"சரிப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, "சமையல்கட்டு ஒழுகறதையும் சரி பண்ணிக் குடுத்துடணும்டா" என்றார். அப்புறம் தூங்கிவிட்டார்.

ஊர் விட்டு ஊர் வந்தவர்களே, உங்கள் வீட்டுச் சாம்பாரிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். அது என்ன, எந்த வருஷம் மாறியது என்று இன்று சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள். நூறு வருஷம் கழித்து யாராவது வந்து, "பாவம், காசில்லாமல் செய்தார்கள்" என்று சொல்வதற்குள் நாமே எழுதி வைத்துவிடலாம்.

டிஸ்கி: கொல்கத்தா போனால் உருளைக்கிழங்கை எடுக்கச் சொல்லி என்னைப் போல் அவமானப்படாதீர்கள். திண்டுக்கல் பிரியாணிதான் உலகத்திலேயே சிறந்தது என்ற என் கருத்தில் மாற்றம் எதுவும் இல்லை. அப்பாவும் அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.